அன்னவாசலாவைத் தேடி மூன்று நாள்

புதன், காலை 9.20. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் என் மாமனார் செய்த முதல் காரியம், சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து மறுபடி பைக்குள்ளேயே வைத்ததுதான். கோயம்புத்தூரில் கிளம்பியதிலிருந்து இது ஆறாவது முறை. திருச்சியிலிருந்து ஐம்பத்துமூன்று கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய் டிக்கெட். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்தும் மனிதர் வெளியே பார்க்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு மனு. மனுவை எழுதியவள் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பதால் எங்கள் வீட்டில் எந்த மனுவானாலும் என் தலையில்தான் விழும்.

வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் பெயர் கருப்பையா. வருகிற மாசியில் எழுபத்தைந்து முடிகிறது. ஐம்பது வருடத்துக்கு முன் பஞ்சாலை வேலைக்காகக் கோயம்புத்தூர் வந்தவர். அவரைப் பெற்றவள், அவர் பிறந்து முப்பது நாள் ஆவதற்குள் இறந்துபோனாள். அப்பா மறுமணம் செய்துகொண்டார். வந்தவள் குறை வைக்காமல் வளர்த்தாள். அவளைத்தான் மாமா ஆத்தா என்று கூப்பிட்டார், எல்லாப் படிவத்திலும் தாயார் பெயராக அவள் பெயரைத்தான் எழுதினார். போன வருடம் தொண்ணூற்றிரண்டு வயதில் அந்த ஆத்தாவும் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சோறு வைக்கும்போது அன்னவாசலாவுக்கும் பேர் சொல்லி ஒரு பிடி வை என்று கேட்டாராம்.

அங்கேதான் சிக்கல். அன்னவாசலா என்பது பெயர் அல்ல. அன்னவாசலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் மாமாவைப் பெற்றவளை அப்படிக் கூப்பிட்டார்கள். இந்தப் பக்கத்தில் மருமகள் வாசல்படி மிதித்த அன்றே அவள் ஊர்தான் அவள் பெயர். என்னையே கூட இங்கே வந்தால் கோயமுத்தூரா என்கிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அன்னவாசலில் இருந்தார்கள், அந்த உறவு அவளோடு விட்டுப்போயிற்று. தலைத்திவசத்துக்கு இன்னும் எட்டு நாள்தான். அதற்குள் மாமாவுக்கு அம்மாவின் பெயர் வேண்டும்.

காலை 10.45. பழைய ஆவணங்கள் இருக்கும் அந்த அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. உதவி செய்தவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது. பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணிக்கு நாற்பது வயது இருக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார், தூசிக்காக. மனுவை வாங்கிப் படித்துவிட்டு, 1951 கணக்கெடுப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதுக்கோட்டை மாவட்டம் என்று எழுதியிருந்ததை அடித்து, பென்சிலால் திருச்சிராப்பள்ளி என்று போட்டார். சமஸ்தானம் 1948இல் சேர்ந்தது, தனி மாவட்டம் ஆனது 1974இல். நடுவிலே எடுத்த கணக்கெல்லாம் திருச்சிக் கட்டுகளில்தான் கிடக்கும் என்றார். மனு எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்ற கர்வம் முதல் வரியிலேயே போயிற்று.

அவர் விளக்கியதை, தேடப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதி வைக்கிறேன். கணக்கெடுத்தவர்கள் ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். அந்தச் சீட்டுகளை எண்ணிக் கூட்டி முடித்ததும் அழித்துவிட்டார்கள். அச்சில் வந்த புத்தகங்களில் ஊருக்கு எத்தனை வீடு, எத்தனை ஆண், பெண் என்ற எண்கள்தான் இருக்கும், பெயர் இருக்காது. ஆனால் 1951இல் மட்டும் சீட்டிலிருந்த பெயர்களைப் பார்த்து ஊர் ஊராக ஒரு பதிவேடும் எழுதினார்கள். அதிலும் பெரும்பாலானவை கரையானுக்குப் போக, சில ஊர்களின் கட்டுகள் இங்கே தப்பியிருக்கின்றன. தாலுகா, அதற்குள் ஊர், அதற்குள் தெரு, அதற்குள் வீட்டு எண். வீட்டுக்குள் முதலில் குடும்பத் தலைவர், பிறகு மற்றவர்கள், தலைவருக்கு என்ன உறவு என்ற குறிப்போடு. அகரவரிசை என்ற பேச்சே கிடையாது.

"ஆளைத் தேடாதீங்க, கெடைக்க மாட்டாங்க. வீட்டைத் தேடுங்க" என்றார் செல்வராணி.

மாமாவின் அப்பா ஊர் திருவரங்குளம். கட்டு வந்தது. சிவப்புத் துணியை அவிழ்த்ததும் மூவரும் தும்மினோம். மாமா கண்ணாடியை ஏழாவது முறையாகத் துடைத்தார், இந்த முறை போட்டுக்கொண்டார். ஒன்றரை மணி நேரத்தில் வீடு அகப்பட்டது. குடும்பத் தலைவர், அவர் மனைவி, மகன் முத்துக்கருப்பன், வயது 23, மணமானவர், அவர் தம்பி. அவ்வளவுதான். முத்துக்கருப்பன்தான் மாமாவின் அப்பா, மணமானவர் என்று எழுதிய அந்த ஆளுக்கு மனைவி இல்லை. அடுத்த வரியில் அடுத்த வீடு ஆரம்பமாகிவிட்டது.

மாமா பக்கத்தைத் திருப்பி, மறுபடி முன்னால் வந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் கணக்குலயே சேக்கல போல தாயி" என்றார் என்னிடம். எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செல்வராணி கட்டை மூடவில்லை. ஐயா எந்த மாதம் பிறந்தீர்கள் என்று கேட்டார். மாசி மகத்துக்கு மறுநாள் என்றார் மாமா. எங்கே? "எங்கம்மா ஊர்லதான். தலப்பிரசவமாச்சே" என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கணக்கெடுத்தது பிப்ரவரியில். ஏழாம் மாதமே அழைத்துக்கொண்டு போயிருப்பார்கள். மாதக்கணக்கில் அவள் சாப்பிட்டது, தூங்கியது எல்லாம் அன்னவாசலில், எழுதியவரும் அவளை அங்கேதானே எழுதியிருப்பார்? நானும் முதல் பிரசவத்துக்கு அம்மா வீடு போனவள்தான், இரண்டு பிள்ளை பெற்றவள்தான். இருந்தும் மனுவில் திருவரங்குளம் என்றுதான் எழுதினேன். கட்டிக்கொடுத்த பெண்ணைப் புருஷன் வீட்டில் தேடித்தான் நமக்குப் பழக்கம்.

"தெனம் ரெண்டு பேராச்சும் இதே தப்பைப் பண்றாங்க டீச்சர்" என்று செல்வராணி சிரித்தார். அன்னவாசல் கட்டு இருக்கிறதாம், ஆனால் பெரிய ஊர், முன்பக்கங்கள் உதிர்ந்திருக்கின்றன, தெருப்பெயர் தெரிந்தால் தொட்டுப் பார்க்கலாம், தெரியாமல் புரட்டினால் தாள் தாங்காது என்றார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

மாலை 6 மணி. திருக்கோகர்ணத்தில் மாமாவின் தங்கை வீடு. வளர்த்த ஆத்தாவின் மகள் தனலட்சுமி, எனக்குச் சின்னம்மா முறை. வாசலில் நின்ற டவுன் பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கும்போதே, ஏன் இப்படி இளைத்துவிட்டாய் என்று என்னைக் கேட்டார். எடை எழுபத்தொன்று என்பதை நான் சொல்லவில்லை. நடந்ததைக் கேட்டதும் சின்னம்மா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவருடைய அம்மா ஒருமுறை சொன்னதை நினைவுபடுத்திச் சொன்னார்.

"ஒன்னையப் பெத்த அக்கா வீடு பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடி, கொளத்தைப் பாத்த வாசல்னு ஆத்தா சொல்லும். கல்யாணமாகி வந்த புதுசுல ஒனக்காகக் கேட்டு வச்சுக்கிச்சாம்ண்ணே. நீ பெரியாளாகிக் கேட்டா சொல்லணும்னு. பேரு மட்டும் ஆத்தாவுக்குமே தெரியாது."

மாமா கேட்கவே இல்லை. கேட்டால் வளர்த்தவள் மனம் நோகும் என்று எழுபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாளோ இவர் கேட்பார் என்று பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அன்றைக்கு மாமா இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை.

வியாழன், காலை 8.10. அன்னவாசல் பஸ். பதினெட்டு கிலோமீட்டர். மாமாவுக்குப் பதினாறு ரூபாய், எனக்கு மகளிர் இலவசச் சீட்டு. கூட்டி வந்தவளுக்கு மட்டும் டிக்கெட் காசு கிடையாதா என்று மாமா கேட்டார், நேற்றிலிருந்து அவர் சொன்ன முதல் கேலி. இறங்கியதும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் எங்களைப் பார்த்து, சித்தன்னவாசல்தானே என்று மீட்டரைத் தட்டாமலே வண்டியைக் கிளப்பினார். ஓவியம் பார்க்க வரவில்லை, பிள்ளையார் கோயில் பார்க்க வந்தோம் என்றேன். எந்தப் பிள்ளையார் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் என்று விலாசம் சொல்வதும் சொல்லாமலிருப்பதும் ஒன்றுதான். ஓட்டுநர் பெயர் முருகேசன். நூற்றைம்பது ரூபாய்க்கு எல்லாப் பிள்ளையாரையும் காட்டுவதாக ஒப்புக்கொண்டார்.

முதல் பிள்ளையாருக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது, கட்டியவர் பெயரும் கட்டிய வருடமும் வாசலிலேயே இருந்தன. என் வயதைவிடக் குறைவு. இரண்டாவதன் பக்கத்தில் குளமே இல்லை. மூன்றாவது அரசமரத்தடியில், எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன சின்னப் பிள்ளையார். எதிரே குளம், தை மாதத் தண்ணீர் பாதிக்கு நின்றது. கோயிலுக்குப் பின்னால் குளத்தைப் பார்த்து வரிசையாக ஏழெட்டு வீடுகள். எல்லாம் புதிது, ஒன்றில் மட்டும் பழைய சுவர். கோலத்தை முடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தோம். பழைய ஆட்கள் எப்போதோ மலேயா போய்விட்டதாகக் கேள்வி என்றார். தெருவின் பெயர் கேட்டேன். குளத்தங்கரைத் தெரு.

மாமா குளத்துப் படியில் இறங்கி முகம் கழுவினார். அவசரம் ஒன்றுமில்லாமல், இரண்டு முறை கழுவினார். "இந்தத் தண்ணியிலதானே என்னையக் குளிப்பாட்டியிருப்பா" என்றார். முருகேசன் நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். திரும்பும்போது நூற்றைம்பதுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

வெள்ளி, காலை 11 மணி. மறுபடி பதிவறை. அன்னவாசல் கட்டின் முன்பக்கங்கள் அப்பளம்போல் இருந்தன. செல்வராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டைத்துண்டால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். குளத்தங்கரைத் தெரு நடுவில் இருந்தது, தாள் நன்றாகவே இருந்தது. மொத்தம் ஒன்பது வீடுகள். தலைவர் பெயர் நமக்குத் தெரியாது, ஆகவே மணமான மகள், கணவன் பெயர் முத்துக்கருப்பன் என்று பார்த்துக்கொண்டே வாருங்கள் என்றார்.

ஆறாவது வீடு. மாமா விரல் நின்றது. படிக்க அவரால் முடியவில்லை, நான்தான் படித்தேன். மகள். வள்ளிக்கண்ணு. வயது 18. மணமானவள். கணவர் முத்துக்கருப்பன், திருவரங்குளம்.

"வள்ளிக்கண்ணு" என்றார் மாமா. பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்க்கும்படி மறுபடியும் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வராணி கைக்குட்டையைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

பிறகு அவர்தான், கீழே இன்னொரு வரி இருக்கிறது டீச்சர் என்றார். வேறு மையில், நெருக்கி எழுதியிருந்தது. மார்ச் முதல் மூன்று நாளும் கணக்கெடுத்தவர்கள் மறுபடி வீடு வீடாகப் போவார்களாம். இடையில் இறந்தவரை அடித்துவிட்டு, பிறந்தவரைச் சேர்ப்பார்களாம். வள்ளிக்கண்ணுவின் மேல் கோடு இல்லை. அவளுக்குக் கீழே இப்படி இருந்தது: மகள் வயிற்றுப் பேரன். ஆண். வயது 0. பெயர் வைக்கவில்லை.

அம்மாவும் பிள்ளையும் ஒன்றாக இருக்கும் ஒரே காகிதம் அது. புகைப்படம் கிடையாது, ஜாதகம் கிடையாது. தெரு தெருவாகப் போன ஒரு மனிதர், அவள் உயிரோடிருந்த அந்தச் சில நாட்களுக்குள் இரண்டாம் முறையும் வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

நான் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன். செல்வராணி மாமாவிடம், ஐயா பெயரை இனிமேல் இதில் சேர்க்க வழியில்லை, பழைய பதிவேட்டில் யாரும் எழுதக்கூடாது என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், பைக்குள் வைத்தார்.

"வேணாம் தாயி. கருப்பையாங்கிறது அப்பா வீட்டுல வச்ச பேரு. இவ என்னைய என்னன்னு கூப்புட்டாளோ. அந்த எடம் அவளுக்குன்னே கெடக்கட்டும்."

பிற்பகல் 3.30. திருச்சி பஸ். கோயம்புத்தூரில் எங்கள் தெருவுக்கும் இனி கணக்கெடுக்க வருவார்கள். போன முறை வந்தபோது குக்கர் விசில் போட்டுக்கொண்டிருந்தது, நான் வாசலில் நின்றபடியே அவசரமாகப் பதில் சொல்லி அனுப்பினேன். இந்த முறை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொல்வேன். டிக்கெட் வாங்கிய பிறகு மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திவசத்தில் ஐயர் கேட்கும்போது தடுமாறக்கூடாது என்று வள்ளிக்கண்ணு, வள்ளிக்கண்ணு என்று சொல்லிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கீரனூர் தாண்டியதும் காதைக் கொடுத்துக் கேட்டேன். அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்.