மடைக்கல்லில் நின்றது

ஐம்பதுகளின் கடைசி. திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. எனக்கு ரயில்வேயில் ஃபிட்டர் வேலை. ஒரே மகள், ஒன்பது வயது. இளைப்பு வந்துவிட்டால் ஸ்கூலுக்குப் போக முடியாது; மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருப்பாள். எதிரே வாய்க்கால் மடைக்கல்லில் தினமும் வந்து நிற்கும் ஒரு மடையான்தான் அவளுக்குத் துணை.

கொக்கு வகைதான், ஆனால் சேற்று நிறம். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். தவளையோ மீனோ கிட்டே வந்தால் சடக்கென்று ஒரு கொத்து, அவ்வளவுதான். நாம் மிதித்துவிடுவோம் என்கிறவரை இடத்தைவிட்டு நகராது. பறக்கும்போதுதான் இறக்கை முழுக்க வெள்ளை என்று தெரியும்.

"அப்பா, உள்ள வெள்ளச் சட்டை போட்டிருக்கு பாருங்க!" என்று இளைப்போடு சிரிப்பாள்.

மிளகு தட்டிப் போட்டு மடையான் சாறு வைத்துக் கொடுத்தால் இளைப்பு அடியோடு போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். கண்ணி வைத்துப் பறவை பிடிக்கிறவர் ஒருவர் தெருவில் வருவார். அவரிடம் கேட்டேன்.

"புதுத்தண்ணி வந்ததும் எல்லாம் வயலுக்குப் போயிடுச்சுங்க. எங்கயாவது நின்னா சொல்லுங்க, பிடிச்சுத் தரேன்" என்றார்.

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "இந்த மடைக்கல்லுல தினமும் ஒண்ணு நிக்கும். கிட்டப் போற வரைக்கும் பறக்காது" என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். பெற்ற பிள்ளையின் மூச்சு பெரிதா, ஒரு கொக்கு பெரிதா?

என் மனைவி சாறு வைத்தாள். நாட்டுக்கோழி என்று சொல்லிக் கொடுத்தோம். "நல்லாருக்கும்மா" என்று கிண்ணத்தை வழித்துக் குடித்தாள்.

மறுநாள் காலையில் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அதக் காணோமேப்பா?" என்றாள்.

"ஸ்ரீரங்கத்துப் பக்கம் போயிருக்கும்மா. கொள்ளிடத்துல மீன் நிறைய."

விடுவாளா? கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரே நச்சரிப்பு. ஞாயிற்றுக்கிழமை மஃப்ளர் சுற்றி பஸ்ஸில் அழைத்துப் போனேன். கொள்ளிடத்துக் கரையில் பத்துப் பதினைந்து மடையான்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. ஒவ்வொன்றின் காலையும் உற்று உற்றுப் பார்த்தாள்.

"இதுல இல்லப்பா. நம்மளதுக்கு ஒரு கால்ல விரல் கிடையாது."

அந்தக் காலை நானும் பார்த்திருந்தேன், பிடித்தவர் கையில் தலைகீழாகத் தொங்கியபோது. மஃப்ளரை இறுக்கிச் சுற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவளைக் கிளப்பினேன்.

சாறு ஒரு மண்ணும் செய்யவில்லை. மார்கழிப் பனியில் இளைப்பு முற்றிவிட்டது. டாக்டர் சொல்லியும் ஜன்னலைச் சாத்த விடமாட்டாள். சாத்தினால் அது வருவது தெரியாதாம். கடைசி நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கம் வருதுப்பா. அது வந்தா எழுப்புங்க" என்றாள். சரிம்மா என்றேன். பாவி நான், அதற்கும் சரி என்றேன். அவள் பிறகு கண் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் விட்ட மூன்றாம் நாள், ஷேவ் செய்துகொண்டே வெளியே பார்த்தேன். அதே கல்லில் ஒரு மடையான், கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றது.

"அம்மாடி, எழுந்திரு! வந்துடுச்சு பாரு!" என்று கூப்பிட்டுவிட்டேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்து ஜன்னலைச் சாத்தினாள்.