வார்த்தை கேட்டேன், ‘கேளு’ என்றாள்

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களுக்கு என் வணக்கம்.

பச்சைத் தேயிலை விலை சரிந்து, கோத்தகிரிப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிய காலம். எங்கள் ஃபேக்டரியும் பூட்டிவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்று, கொழுந்து மூட்டை தூக்கும் ஆளாக நுழைந்து, தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் நாற்காலி வரை ஏறியவன் நான். இலை வாடியது போதுமா என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். இந்த மலையில் இன்னொருவனுக்கு அப்படி மூக்கு இருந்தால் காட்டுங்கள். அந்த மூக்குக்கும் வேலை இல்லாமல் போனது.

ஆப்பிரிக்காவில் ஒரு தேயிலைக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. ஆனால் ஆங்கிலத்தில் பேசிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் திருப்பூரில் வாட்ச்மேன் வேலைதான்.

ஐம்பதைத் தாண்டியவனுக்கு வார்த்தை மனப்பாடம் லேசா? காலையில் படித்தது மத்தியானம் இருக்காது. ‘அபண்டன்ட்’ என்றால் ஏராளம், ‘அபாண்டன்’ என்றால் கைவிடுவது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன். புத்தகத்தைச் சுவரில் எறிந்திருக்கிறேன். முதல் தேர்வில் தோற்றேன். அங்கே கேள்வி கேட்ட அம்மா எதைக் கேட்டாலும் “எஸ் மேடம்” என்றேன். எஸ்டேட் துரைமார் பேசியது பாதி விளங்காவிட்டாலும் “எஸ் சார்” சொல்லியே மேலே வந்த வாய் இது. வேறு என்ன சொல்லும்?

தினமும் எங்கள் லயத்துக் குடியிருப்பு அம்மன் கோயிலில் நின்று சண்டை போட்டேன். “வார்த்தை குடு தாயே. எத்தனை தரம் கேக்குறது?”

என் மனைவி செல்லம்மா சிரித்தாள். “ஏனுங்க, சாமியையும் லேபர் மாதிரி வெரட்டுறீங்களே.”

ஆடித் திருவிழாவில் கொழுந்து பறிக்கும் பொன்னுத்தாய்க்கு அருள் வந்தது. கூட்டத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னாள். உடுக்கைச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. கைகூப்பி, “சரிங்க தாயே” என்றேன்.

“என்னடா சரி? நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு.”

தோளில் வேப்பிலைக் கொத்தால் ஓர் அடி விழுந்தது.

“ஆத்தாகிட்டயே சும்மா தலையாட்டுறியா?”

கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “விளங்கல தாயே. இன்னொருக்கா சொல்லுங்க” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது அதுவே முதல் முறை.

“கேளுன்னு சொன்னேன்டா. கேளு.” திருநீறு பூசி அனுப்பிவிட்டாள்.

தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்? வார்த்தை கேட்டவனுக்கு இதுவா வரம்? அந்த எரிச்சலோடுதான் மறுபடி கோயமுத்தூருக்குத் தேர்வுக்குப் போனேன்.

முதல் கேள்வியே விளங்கவில்லை. “எஸ்” நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தோளில் வேப்பிலை பட்டது போல இருந்தது. கேளு. அப்போதுதான் புரிந்தது. “ப்ளீஸ், ஒன்ஸ் மோர்” என்றேன். எதிரே இருந்தவர் முகம் சுளிக்கவில்லை. மெதுவாகத் திருப்பிச் சொன்னார். என் ஊரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அதற்கு என் கையிலிருந்த வார்த்தைகளே போதுமாக இருந்தன. விளங்காத இடத்தில் எல்லாம் மறுபடி கேட்டேன். தேறினேன்.

ஆப்பிரிக்காவிலும் என்னைப் போல் டீத்தூள் எடுத்தவன் கிடையாது, அது வேறு கதை. ஆனால் அங்கே என் கீழே வேலை செய்தவன் “எஸ் சார்” என்றால், என்ன விளங்கியது என்று சொல்லச் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

சொந்தங்களே, அவளிடம் போங்கள். அவள் சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். நின்று இன்னொருக்கா கேளுங்கள். என் தலைக்கே இரண்டு தடவை சொன்னவள், உங்களிடம் சலித்துக்கொள்ள மாட்டாள்.