இரண்டு தண்ணியும் ஒரே வாளியில்

இன்று காலை பள்ளி வேனில் உட்கார்ந்து கிளினிக் நர்ஸ் சரோஜா மிஸ்ஸியின் சிவப்பு மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது செய்திதான். ஓட்டுநர் மாமா வானொலியை நிறுத்தி, "நம்ம கிளினிக் மிஸ்ஸி போயிட்டாங்க லா. நெஞ்சு வலி," என்றார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. அதை எழுதவே பயமாக இருக்கிறது.

எங்கள் எஸ்டேட்டில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதவர் இல்லை. ஊசியைக் கண்டு எழுந்து ஓடிய, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரை, "பாம்படிக்கிற கைக்கு இந்தக் கொசு பயமா?" என்று உட்காரவைத்தவர். அதை எஸ்டேட்டில் எல்லோருமே சொல்வார்கள். இது யாருக்கும் தெரியாது.

என் அக்கா நான்கு மாதக் கர்ப்பிணி. சினைப்பையில் நீர்க்கட்டி இருந்ததால் ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஓய்வுக்காக எங்களோடு இருக்கிறாள். கர்ப்பத்துக்கு முன்பே சாப்பிட்ட மாத்திரையைத் தொடரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் சத்து மாத்திரையையும் எடுத்துக்கொடுப்பது என் வேலை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா அட்டையைப் பார்த்து, "இது என்னோட இனிப்பு நீர் மாத்திரையாச்சே! வயித்துப் பிள்ளைக்கு ஆகுமா?" என்றார். அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, கிடையாது. கிளினிக்கில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து சத்து மாத்திரையை மட்டும் கொடுத்தேன். வாந்தி மயக்கத்தில் அவள் பார்க்காமலே விழுங்கினாள். மற்றது சாக்கடைக்குப் போனது. ஒன்பது நாள்.

நேற்றுப் பயம் தாங்காமல் மிஸ்ஸியிடம் சொன்னேன்.

"நீர்க்கட்டி, இனிப்பு நீர். ரெண்டு தண்ணியையும் ஒரே வாளியில ஊத்திட்டியாடி?" என்றார். "அந்த மாத்திரைய நீர்க்கட்டிக்கும் குடுப்பாங்க. தொடரணுமா, நிறுத்தணுமான்னு சொல்ல வேண்டியது டாக்டர். பெரியம்மா இல்ல, நீ இல்ல, நானும் இல்ல."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா மிஸ்ஸி?"

"தெரியாதத தெரியும்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கே அக்காகிட்ட சொல்லு. காலையில கூட்டிட்டு வா. வரலன்னா நான் உங்க வாசல்ல நிப்பேன்."

நான் சொல்லவில்லை. அவரே வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். இனி சொல்ல யாரும் இல்லை என்பதுதான் காலையில் வந்த அந்த நிம்மதி.

மாலையில் அவர் உடலருகே அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைய நீங்க பார்க்கவே இல்லையே மிஸ்ஸி," என்று அழுதாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முப்பது வருடம் மருந்து கொடுத்தவர் "நானும் இல்ல" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொற்களைத்தான். நேற்று சாக்கடையில் போடாத மாத்திரை என் பென்சில் பெட்டியில் இருக்கிறது. நாளை வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள். அக்கா என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். விளக்கைப் போட்டு அவளை எழுப்பப்போகிறேன்.