தலையாட்டும் இரும்பு ஆமை

பழைய இரும்பில் வேடிக்கைப் பொம்மைகள் செய்வது என் பொழுதுபோக்கு. அப்போது சிங்கப்பூருக்கு இந்தோனீசியாவோடு தகராறு. எங்கே குண்டு வெடிக்குமோ என்று ஊரே பயந்து கிடந்தது. பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவன் நான்.

ஒருநாள் எங்கள் சிராங்கூன் வீட்டுப் படிக்கட்டில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே டிக் டிக் என்றது.

"குண்டு! ஓடுங்க!"

கத்திக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். வீட்டில் குடியிருந்த எல்லோரும் பின்னால் ஓடிவந்தார்கள்.

"ஐயோ, பிள்ளை மேல தூங்குதுலா!" பக்கத்து அறை லட்சுமி அலறினாள். அந்தப் பொட்டலத்தைத் தாண்டிக்கொண்டு மேலே ஓடினாள்.

கடைக்குப் போயிருந்த என் மனைவி அப்போதுதான் வந்தாள்.

"ஏங்க, அது நீங்க செஞ்ச ஆமைங்க! லட்சுமி பிள்ளைக்குக் கொடுக்க நான்தான் கட்டி வச்சேன்."

ஆமை தலையாட்டுவதற்காக வயிற்றுக்குள் பழைய கடிகாரத்தை வைத்தவனே நான்தான்!

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு லட்சுமி இறங்கி வந்தாள்.

குண்டு என்று நம்பித்தான் அவளும் ஓடினாள். அந்தப் படிக்கட்டுப் பக்கம் என் கால் அன்று நகரவே இல்லை.