மரைக்கார் வீதிக்கு ஒரு டிக்கெட்

இன்று கிண்ணியாத் துறையடியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஓர் அரிசி முதலாளி. எங்கள் வீதியின் பெரும் பள்ளத்தைத் தன் செலவில் மூடியவர். காசில்லாத பிரதேச சபை, பதிலுக்கு அந்த வீதிக்கு அவருடைய வாப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டது. பலகையும் நட்டாயிற்று.

"மரைக்கார் வீதி ஒண்டு," என்றார், பஸ் முழுவதும் கேட்கும்படி.

"அப்பிடி ஒரு இடம் இந்தப் பக்கம் இல்லியே முதலாளி," என்றார் கொண்டக்டர்.

"பலகை பாக்கல்லியா?"

முன் சீட்டிலிருந்த பெண் திரும்பினார்.

"பள்ளத்தடியச் சொல்றாரு போல, தம்பி."

"அங்க இப்ப பள்ளம் இல்ல, ராத்தா!" என்றார் முதலாளி.

"ஓம், ஆரோ மூடிட்டாங்க. ஆரெண்டு தெரியா. பேர் சொல்லாம நன்மை செஞ்ச மனிசன். தொழும்போதெல்லாம் அவருக்குத் துவாக் கேக்கிறன்."

முதலாளி வாயைத் திறந்தார். சொன்னால் வாப்பாவின் பெயர் நிலைக்கும். துவா போய்விடும்.

கொண்டக்டர் கையை நீட்டியபடியே நின்றார்.

"பள்ளத்தடி ஒண்டு," என்றார் முதலாளி, மெதுவாக.

நானும் அங்கேதான் இறங்கினேன். பலகைக் காலில் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை.

நண்பர்களே, நீங்கள் என்றால் அந்த ராத்தாவிடம் சொல்லியிருப்பீர்களா?