பிரசவக் கட்டு

1989 ஆகஸ்ட் 4. பையன். வீட்டில். அபராதம் இல்லை.
1993 மார்ச் 19. பெண். வீட்டில். இருபது சோல்.
1995 அக்டோபர் 2. பெண். வீட்டில். ஐம்பது சோல்.
1997 ஜூன் 11. பையன். சுகாதார நிலையத்தில். இலவசம்.

வய்யாபாட்டா மலையில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்த எர்மினியா பெற்ற பிள்ளைகள் இவர்கள். முதல் மூவரையும் முட்டி போட்டுப் பெற்றாள். கணவன் சோசிமோ பின்னாலிருந்து தாங்கிக்கொள்வான். பக்கத்து வீட்டு பாசிலியா குழந்தையைக் கையில் வாங்குவாள். உடம்புச் சூடு ஆறுவதற்குள் கம்பளிப் பட்டையால் தாயின் இடுப்பை இறுக்கிக் கட்டுவாள். விரிந்த எலும்பு கூடுவதற்கு அந்தக் கட்டு. அது இல்லாமல் எந்தப் பெண்ணும் தேறமாட்டாள் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் பெற்றால், சுகாதார நிலையத்துக்கு அபராதம் செலுத்தும்வரை பிறப்புச் சான்று கிடையாது.

"பெத்தது நீ, பிடிச்சது நான். காசு மட்டும் அவங்களுக்கு" என்பாள் பாசிலியா.

நாலாவதற்கு நூறு என்றார்கள்.

"மூணு ஆடு போயிடும், எர்மினியா" என்றான் சோசிமோ. "இருக்கறதே மூணு."

சுகாதார நிலையத்துக்குப் போன பெண்கள் சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே திரும்பியிருந்தார்கள். கேட்டால் பேச்சை மாற்றினார்கள்.

"போ. ஆனா முழுசா திரும்பி வா, தாயி" என்றாள் பாசிலியா.

நிலையத்தின் வாசலில் வண்ணத் தோரணம் ஆடியது. நகரத்திலிருந்து டாக்டர் வந்திருந்தார். என்ன விசேஷம் என்று யாரும் சொல்லவில்லை. சோசிமோவை வெளியே நிறுத்தினார்கள். அவளுடைய கம்பளிப் பாவாடைகளை உருவி, அவளைப் பச்சைத் தண்ணீரால் கழுவி, இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள்.

"முட்டி போட்டுக்கறேன், நர்சம்மா."

"நீ என்ன ஆடா? ஒழுங்கா படு."

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. நர்சுக்கு மலைக்காரர்களின் கெச்சுவா மொழி அரைகுறை. "கட்டி விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

எர்மினியாவுக்கு அன்று முதன்முதலாக நெஞ்சு லேசானது. இவர்களுக்கும் வழக்கம் தெரிந்திருக்கிறதே!

"நல்லா இறுக்கிக் கட்டுங்க, நர்சம்மா. தளர்ந்துடக் கூடாது."

"பாருங்க டாக்டர், எல்லாரும் அழுவாங்க, இவ தானே கேக்கறா" என்று நர்ஸ் சிரித்தாள். எர்மினியாவின் கட்டைவிரலில் மை தடவி ஒரு தாளில் அழுத்தினாள். கம்பளிப் பட்டை வரும் என்று எர்மினியா இடுப்பைச் சற்றே தூக்கிக் கொடுத்தாள். முதுகில் ஊசி இறங்கியது.

மரப்பு விட்டபோது தொப்புளுக்குக் கீழே தையல் எரிந்தது. இடுப்பில் ஒன்றுமில்லை.

"கட்டவே இல்லையே?"

"உள்ளே கட்டியாச்சு. தூங்கு."

அடுத்த வருடம், அந்த மலையில் பனி கொட்டும் ஜூன் மாதத்தில், அந்தப் பையன் இருமி இருமி இறந்தான். அதன் பிறகு இரண்டு வருடம் பார்த்தாள். வயிற்றில் எதுவும் தங்கவில்லை. தனியாக நிலையத்துக்கு நடந்து போனாள்.

"உள்ளே கட்டினதை அவிழ்த்து விடுங்க. இன்னொண்ணு பெத்துக்கறேன்."

நர்ஸ் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். "கருக்குழாயை அறுத்துக் கட்டினது அது. அவிழாது. நீதானே கேட்டே?"

பள்ளி ஆசிரியரைக்கொண்டு தலைநகருக்கு மூன்று மனு எழுதினாள், தான் கேட்டது கம்பளிப் பட்டையைத்தான் என்று. முதல் இரண்டுக்கும் விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. மூன்றாவது பதிலை ஆசிரியர் நின்றபடியே படித்துச் சொன்னார்: சம்மதக் கைரேகை தெளிவாக இருக்கிறது, கோப்பு மூடப்பட்டது, இனி எழுத வேண்டாம். அந்தக் கடிதம் வந்தது 2004 செப்டம்பர் 14.