சூரிபாபு கேட்கும் கேள்விகள்

ராஜமுந்திரி பக்கம் கடியத்தில் எங்கள் செடி நர்சரிக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் மனைவியின் தம்பி சூரிபாபுவைத்தான். பையில் மண் நிரப்ப உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான். பேச்சுதான் வேறு மாதிரி. சொந்தமாக வாக்கியம் வராது. எப்போதோ யாரோ அவனிடம் சொன்னதை, சொன்னவர் குரலிலேயே திரும்பத் திரும்பச் சொல்வான். ஆட்டிசம் என்று காக்கிநாடா டாக்டர் சொல்லியிருந்தார். நானோ வீட்டோடு மாப்பிள்ளை, வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியவன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

மாமியார் இறந்து கொஞ்ச நாளில் ஒரு காலை ஆரம்பித்தான்.

"பல்லு வலிக்குதா, கண்ணா?"

இல்லை என்றேன். ரோஜாக்கன்று வாங்க வந்த அம்மாளிடம் கேட்டான். அவர் சிரித்தார். டீக்கடை தனராஜு வாயைப் பிளந்து காட்டினான். "எல்லாம் கல்லு மாதிரி இருக்குடா. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோ." கடையே சிரித்தது.

மத்தியானம் சோற்றையும் கோங்குராத் துவையலையும் தொடாமல் தள்ளிவிட்டு மறுபடி கேட்டான். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"யாருக்கும் வலிக்கலடா, விடு."

என் மனைவி வீரலட்சுமி கரண்டியோடு அப்படியே நின்றாள். "அது எங்கம்மா குரலுங்க. சின்னதுல இவன் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழறப்ப அம்மா இப்படித்தான் கேப்பா. இவன் நம்மளக் கேக்கல. தனக்கு வலிக்குதுன்னு சொல்றான்."

அவன் பக்கம் திரும்பி, "ஆமா கண்ணா, வலிக்குது. வா, போலாம்" என்றாள். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

ராஜமுந்திரியில் பல்லைப் பிடுங்கினார்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தது.

வலி போன பிறகு ஒரு சாயங்காலம் புதிதாக ஒன்று வந்தது. அதுவும் மாமியார் குரல்தான்.

"நான் போயிட்டா உன்னை யாருடா பாத்துப்பா?"

கடைசி நாட்களில் அவன் தலையைத் தடவியபடி அவர் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா பாத்துக்குவேன்டா." மறுநாளும் கேட்டான், மறுநாளும் சொன்னாள். தினமும் விளக்கேற்றியதும் இது நடக்கும். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

போன வாரம் அவள் ஒரு கல்யாணத்துக்காக அமலாபுரம் போயிருந்தாள். சூரிபாபு சமையலறையை எட்டிப் பார்த்தான், கொல்லையைப் பார்த்தான், பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்து அதையே கேட்டான். அக்கா நாளைக்கு வந்துவிடுவாள் என்றேன். மறுபடி கேட்டான். அக்காதான் பார்த்துக்கொள்வாள் என்றேன். மறுபடி கேட்டான்.

"நான்தான்டா. உன் பாவா பாத்துக்குறேன்."

எழுந்து உள்ளே போனவன், எனக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்து வந்தான்.